ஒரே மழை, இரண்டு சேதம்: குப்பம் எல்லையில் ஒரு கல்மழையின் கணக்கு

சித்திரை மாதம் ஒரு மாலை, சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குப்பத்துக்கும் வேப்பனப்பள்ளிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் அரை மணி நேரம் சூறைக்காற்றும் ஆலங்கட்டி மழையும் அடித்தன. அந்த ஊரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் நிலத்தில் அப்போது மூன்று பயிர்கள் இருந்தன: மூன்று ஏக்கர் தோதாபுரி மா, ஒரு ஏக்கர் கம்பு நட்டுக் கட்டிய தக்காளி, ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக வாழை. மறுநாள் காலையில் வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். வாழை போச்சு, தக்காளி பாதி போச்சு, மா தப்பிச்சுது.

ஆனி முடிந்து வரவு செலவு பார்த்தபோது அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. அதிகப் பணம் போனது மாந்தோப்பில். தக்காளி ஓரளவு மீண்டது. வாழையில் நஷ்டம் உண்டு, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. மறுநாள் காலையின் கண் கணிப்பு ஏன் இவ்வளவு தவறியது என்பதைப் பார்க்கத்தான் இந்த ஆய்வு. நான் அந்தப் பக்கத் தோட்டங்களுக்குப் பயிர் ஆலோசனை சொல்லிப் போய் வருபவன். இந்தக் குடும்பத்தின் மூன்று வயல்களையும் மழைக்கு மறுநாளிலிருந்து அறுவடை வரை பார்க்க முடிந்ததால் இதை எழுத முடிகிறது.

குடும்பத்தைப் பற்றி இரண்டு வரி. நிலம் ஆந்திரத்தில், சம்பந்திகள் கிருஷ்ணகிரியில். வீட்டில் தமிழ், ஆபீஸில் தெலுங்கு. தக்காளிக்கு எந்தப் பக்கம் விலை கூடுதலோ அந்தப் பக்கம் வண்டி திரும்பும்: ஒரு நாள் ஆந்திரத்து வி.கோட்டா, ஒரு நாள் தமிழ்நாட்டு ராயக்கோட்டை. மாந்தோப்பைப் பூவிலேயே கிருஷ்ணகிரிக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். இந்தக் குத்தகை விஷயம் பிறகு முக்கியமாகிறது.

மேகம் வந்த விதம்

பங்குனி, சித்திரையில் தென்னிந்தியாவின் உள்பகுதியில் வடக்கு தெற்காக ஒரு நீண்ட பட்டை அடிக்கடி உருவாகும். மராட்டியத்தின் உள்பகுதியிலிருந்து உள் கர்நாடகம் வழியாகத் தமிழ்நாடு வரை அது நீளும். வானிலை அறிக்கையில் 'காற்று சந்திக்கும் பகுதி' என்று வாசிப்பார்களே, அதுதான். வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் இந்தப் பட்டையில் சந்திக்கின்றன. பிற்பகல் வெயிலில் தரை நன்றாகக் காய்ந்திருந்தால் ஈரக்காற்று கிடுகிடுவென மேலேறி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் மலை போன்ற இடிமேகமாகிவிடும்.

கோடையில் நம் பகுதியில் உறைநிலை மட்டம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்கு மேலே, பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத நீர்த்துளிகள் மிதக்கும். ஒரு சின்னப் பனித்துணுக்கு அவற்றில் மோத மோத, துளிகள் அதன் மேல் உறைந்து கல் பெருக்கிறது. மேலேறும் காற்று தாங்கும் வரை கல் மேலேயே இருக்கும். தாங்க முடியாத எடை வந்ததும் கீழே விழும். விழும் வழியில் பாதி உருகிவிடும் என்பதால்தான் கடலோரத்தில் ஆலங்கட்டி அபூர்வம். குப்பம், பலமநேர், ஓசூர் பக்கமெல்லாம் மேட்டு நிலம். குப்பம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 700 மீட்டர் மேலே இருக்கிறது. உருகுவதற்கான தூரம் அவ்வளவு குறைகிறது, கீழ்க்காற்றும் கொஞ்சம் குளிர்ச்சி. அதனால் சென்னைக்காரர் பல வருஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பதை இங்குள்ளவர்கள் கோடைக்குக் கோடை எதிர்பார்க்கிறார்கள்.

நம் ஊரில் ஆலங்கட்டி என்றால் பிள்ளைகள் ஓடிப் பொறுக்கும் சமாச்சாரம். வடக்கே அப்படி இல்லை. 1888 ஏப்ரல் 30 அன்று மொராதாபாத்தில் விழுந்த கல்மழையில் 246 பேர் செத்தார்கள். 2014 பிப்ரவரி, மார்ச்சில் மராட்டியத்தில் திராட்சையும் மாதுளையும் கோதுமையும் லட்சக்கணக்கான ஏக்கரில் நாசமாயின. இங்கே கல் அவ்வளவு பெரிதாகாது. ஆனால் பிஞ்சு மாங்காயைக் கெடுக்கப் பெரிய கல் தேவையில்லை.

கல்லின் விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். விழும் வேகமும் கூடுவதால், மோதும் ஆற்றல் ஏறத்தாழ 16 மடங்காகிவிடும். ஒரு செ.மீ. கல் இலையைக் கிழித்துவிட்டுப் போகும். இரண்டு செ.மீ. கல் காயின் தோலை உடைக்கும். ஊரில் "நெல்லிக்காய் சைஸ்" என்று சொன்னார்கள். அந்த வீட்டுப் பேத்தி ஒரு ரூபாய்க் காசைப் பக்கத்தில் வைத்துப் போனில் எடுத்த படத்தில் பெரிய கற்கள் காசின் அகலத்துக்கு இருந்தன, அதாவது சுமார் இரண்டு செ.மீ. இந்தப் படம் பின்னால் பெரிய உதவி செய்தது. கல் பத்து நிமிடத்தில் உருகிவிடும், மறுநாள் வருகிற யாருக்கும் காட்ட ஒன்றும் இருக்காது.

முன்னெச்சரிக்கை வந்ததா? பொதுவான எச்சரிக்கை வந்தது: இடி மின்னலுடன் மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் தரைக்காற்று. எந்த ஊர் என்று அதில் சொல்ல முடியாது. சென்னை ரேடாரிலிருந்து குப்பம் 200 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரம் வருவதற்குள் பூமியின் வளைவாலும் கதிர் சற்று மேல்நோக்கிப் போவதாலும் அது ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். மேகத்தின் தலை தெரியும், தரையில் என்ன அடிக்கிறது என்பது தெரியாது. கல் விழும் பட்டையோ சில கிலோமீட்டர் அகலம்தான். இந்த ஊரிலும் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கத் தோப்பில் ஒரு காயில்கூடக் கீறல் இல்லை.

காற்று செய்த வேலை

முதலில் வந்தது காற்று. மேகத்திலிருந்து மழை இறங்கும்போது கூடவே குளிர்ந்த காற்றையும் கீழே இழுத்து வருகிறது. அது தரையில் மோதிப் பக்கவாட்டில் பாய்வதுதான் அந்த முதல் புழுதி வீச்சு. திடீரென்று விநாடிக்கு 8 மீட்டராவது கூடி, 11 மீட்டர் வேகத்தைத் தொட்டு, ஒரு நிமிடமாவது நின்றால்தான் வானிலைத் துறை அதைச் சூறைக்காற்று என்று கணக்கில் எடுக்கும். இந்த ஊரில் காற்றுமானி கிடையாது. சேதத்தைப் பார்த்துத்தான் வேகத்தை ஊகிக்க வேண்டும். காற்றின் வேகம் இரட்டிப்பானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

வாழை என்பது மரமல்ல. இலை உறைகள் ஒன்றையொன்று சுற்றி நிற்கிற தண்டு. வேரும் மேலோட்டமானது. தாறு தள்ளிய வாழையில் எடை முழுக்க மேலே, அதுவும் ஒரு பக்கமாகத் தொங்குகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் அளவில் காற்று வீசினால் முட்டுக் கொடுக்காத தாறு வாழை தாங்காது. இங்கும் விழுந்தவற்றில் பெரும்பங்கு தாறு தள்ளியவை. இன்னும் தாறு விடாதவை இலை கிழிந்து நின்றன.

விழுந்த வாழைகளை நடந்து பார்த்தபோது இரண்டு விதம் தெரிந்தது. மேட்டுப் பக்கம் இருந்தவை இடுப்பளவில் ஒடிந்திருந்தன. பள்ளத்துப் பக்கம் இருந்தவை கிழங்கோடு பெயர்ந்து சாய்ந்திருந்தன. காரணம் கேட்டால் அந்த வீட்டுப் பெரியவரே சொல்லிவிட்டார்: "நேத்து காலையிலதான் அந்தப் பாத்திக்குத் தண்ணி விட்டோம்." ஈர மண் வேரை விட்டுவிட்டது, காய்ந்த மண் பிடித்துக்கொண்டதால் தண்டு ஒடிந்தது. பயன்பாட்டில் இந்த இரண்டும் ஒன்றல்ல. ஒடிந்த வாழையில் கிழங்கும் பக்கக் கன்றும் மண்ணிலேயே இருக்கின்றன. தண்டை வெட்டி எடுத்துவிட்டு ஒரு கன்றை வளர்த்தால் அடுத்த தாறு வரும். பெயர்ந்த வாழையில் கன்றின் வேரும் சேர்ந்து அறுந்துவிடுகிறது. எண்ணிக்கையில் இரண்டும் 'விழுந்தது' என்று ஒரே பத்தியில்தான் போகும்.

கிழிந்த இலையைப் பார்த்து எல்லாரும் பதறினார்கள். வாழை இலை நரம்போடு கிழிவது அதன் இயல்பு, அப்படிக் கிழிந்து காற்றுக்கு வழிவிட்டுத்தான் மரம் தப்பிக்கிறது. நாராக நாராகப் போனால்தான் விளைச்சல் குறையும். இங்கே அந்த அளவுக்குப் போகவில்லை.

தக்காளியில் ஒரு விசித்திரம். ஒரே நிலத்தில் ஒரு பாதியின் வரிசைகள் கிழக்கு மேற்காகவும், வாய்க்கால் வளைவுக்கு அப்பால் இன்னொரு பாதி வடக்கு தெற்காகவும் இருந்தன. காற்று மேற்கிலிருந்து வந்தது. கிழக்கு மேற்கு வரிசைகள் நிமிர்ந்து நின்றன. குறுக்கே இருந்த வரிசைகள், காயப்போட்ட சேலை மாதிரி, காற்றை முழுசாக வாங்கிப் படுத்துவிட்டன. கம்பியும் சணலும் அறுபடவே இல்லை. வரிசைக் கடைசியில் இருக்கும் மூலைக் கம்புதான் பிடுங்கிக்கொண்டு வந்தது, அது போனதும் மொத்த வரிசையும் கூடவே போயிற்று. மூலைக் கம்புக்கு வெளிப்பக்கம் சாய்வாக ஒரு முட்டுக்கால் கொடுத்திருந்தால் பாதி வரிசை தப்பியிருக்கும் என்பது என் கணிப்பு. அதற்கு ஆகும் செலவு சில கம்புகள்தான். ஆனாலும் பெரும்பாலானோர் அதைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

மாந்தோப்பில் காற்று செய்தது பிஞ்சு உதிர்ப்பு. தரை முழுக்கக் காய் கிடந்தது. சித்திரையில் தோதாபுரி முட்டை அளவைத் தாண்டியிருக்கும், தமிழ்நாட்டு மண்டியில் பெங்களூரா, கிளிமூக்கு என்று விற்பதும் இதுதான். உதிர்ந்ததை மறுநாள் காலையிலேயே பொறுக்கி ஊறுகாய்க்கு அனுப்பினார்கள், கிடைத்தது சொற்ப விலை. மரத்தில் இன்னும் நிறையக் காய் தொங்கியது. அதைப் பார்த்துத்தான் 'மா தப்பிச்சுது' என்ற பேச்சு.

கல் செய்த வேலை

காற்றின் சேதம் அன்றே கண்ணுக்குத் தெரியும். கல்லின் சேதம் தவணை முறையில் வரும். இந்த நிகழ்வில் நான் கண்டதில் முக்கியமானது இதுதான். மறுநாள் எழுதும் சேதக் கணக்கு ஏன் எப்போதும் காற்றுப் பக்கமே சாய்கிறது என்பதற்கும் விளக்கம் இங்கேதான் இருக்கிறது.

மழைக்கு மறுநாள் ஒரு மாங்காயைக் கையில் பிடித்துப் பார்த்தால், மேற்குப் பக்கத் தோளில் மிளகளவு ஒரு பள்ளம், அதிலிருந்து கசிந்து இறங்கிய பால், அவ்வளவுதான். துடைத்தால் போய்விடும் போலிருக்கும். இரண்டு மூன்று நாளில் பால் வழிந்த தடம் கறுத்துவிடுகிறது. வாரம் போனால் பள்ளத்தின் விளிம்பில் பழுப்பு நிறப் பொருக்கு கட்டுகிறது. தோல் உடையாமல் நசுங்கியது மட்டும் என்றால் இத்தோடு சரி, காய் வளரும், தழும்பு நிற்கும். தோல் உடைந்திருந்தால் கதை வேறு.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு சின்ன வேலை செய்தோம். தோப்பின் நான்கு மூலையிலும் நடுவிலும் மரங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் நான்கு திசைக் காய்களுக்கும் உல்லன் நூல் கட்டினோம். காயமில்லாததற்கு வெள்ளை, நசுங்கியதற்கு மஞ்சள், தோல் உடைந்ததற்குச் சிவப்பு. மேற்குப் பக்கக் காய்களில் பாதிக்கு மேல் மஞ்சளோ சிவப்போ விழுந்தது. கிழக்குப் பக்கம் கால் பங்குகூட இல்லை. இதில் வியப்பில்லை. பக்கவாட்டுக் காற்றின் வேகம் கல் விழும் வேகத்துக்குச் சமமாக இருந்தால் கல் 45 பாகை சாய்ந்து வரும். அப்போது மரத்தின் தலையை விட மேற்குத் தோள்தான் அதிகம் வாங்கும். கொப்புகளிலும் மேற்குப் பட்டையில் மட்டும் நீள்வட்டக் காயங்கள். இந்த ஒருபக்கத் தழும்புதான் கல்மழைக்கு மரத்திலேயே இருக்கிற சாட்சி. காற்றில் கிளையோடு உரசிய காய்க்குக் கீறல் எல்லாப் பக்கமும் இருக்கும், அதுவும் பள்ளமாக இருக்காது, தேய்ந்த தடமாக இருக்கும்.

ஒரு மாதம் கழித்துச் சிவப்பு நூல் கட்டிய காய்களில் பெரும்பாலானவை மரத்தில் இல்லை. அழுகி உதிர்ந்திருந்தன, அல்லது பழ ஈ குத்தியிருந்தது. உடைந்த தோலிலிருந்து வரும் வாசனை பழ ஈக்கு அழைப்பு. மஞ்சள் நூல் காய்கள் பெரும்பாலும் தொங்கின. ஆனால் பறித்துப் பழுக்கப் போட்டபோது அவற்றிலும் ஒரு பகுதி கறுப்புப் புள்ளி விழுந்து கெட்டது. ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் பிஞ்சிலேயே உள்ளே போய் ஒளிந்திருந்து பழுக்கும்போதுதான் வெளிவரும். நசுங்கிய இடம் அதற்கு வசதி. காம்பழுகலும் சேர்ந்துகொண்டது. ஆக, மரத்தில் தொங்கும் காயை எண்ணி விளைச்சலைக் கணித்தவர்கள் எல்லாருமே ஏமாந்தார்கள்.

தக்காளியில் இது வேறு மாதிரி நடந்தது. இலை சல்லடையாகிப் பாதி உதிர்ந்ததும் காய்கள் வெயிலுக்கு நேராக நின்றன. மழைக்குப் பிந்தைய வாரம் நல்ல வெயில். காய்களின் தோள் வெளுத்து, காகிதம் போல் ஆயிற்று. கல் படாத காய்கூட இப்படிக் கெட்டது. இதைக் கல்மழைச் சேதம் என்று யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் அதுதான். மறுபக்கம், தக்காளிக்கு ஒரு தெம்பு உண்டு. நுனி ஒடிந்தாலும் கணுவிலிருந்து பக்கக் கிளை அடிக்கும். மூன்று வாரத்தில் புதுப் பூ வந்துவிட்டது. அதற்குள் சுற்றுவட்டாரமே அடி வாங்கியதால் சந்தைக்கு வரத்து குறைந்து விலை ஏறியிருந்தது. குறைந்த காய்க்குக் கூடுதல் விலை. இந்தக் குடும்பம் தக்காளியில் தப்பியதற்குப் பாதிக் காரணம் பக்கத்து வயல்களின் நஷ்டம் என்று சொன்னால் கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் உண்மை.

முதல் பத்து நாள்

என்ன செய்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேங்கிய நீரை வடித்தார்கள். படுத்த தக்காளி வரிசைகளை மூலைக் கம்பு மாற்றித் தூக்கிக் கட்டினார்கள். இலையின் ஈரம் காய்ந்த பிறகு, இரண்டு நாளுக்குள், தக்காளிக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் அடித்தார்கள், காயத்தின் வழியே பாக்டீரியா போகாமலிருக்க. மாவுக்கு மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம், அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாளை லேபிளில் பார்த்துக்கொண்டு. பெரிய கொப்புக் காயங்களில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த போர்டோ பசை. தோப்பில் பழ ஈக்கு, வாசனையால் ஈயை இழுக்கும் மெத்தில் யூஜினால் பொறி. அழுகி விழுந்த காயைத் தோப்பிலேயே விட்டுவைக்காமல் குழியில் போட்டு மூடினார்கள். இதைத்தான் பலர் செய்வதில்லை, ஈ அந்தக் காயிலிருந்துதான் பெருகுகிறது.

பக்கத்து வயல்காரர் ஒருவர் தக்காளி சீக்கிரம் தழைக்கட்டும் என்று யூரியாவை அள்ளிப் போட்டார். தழைத்தது. அப்புறம் அந்த இளந்தழையை நோய் தின்றது. அடிபட்ட செடிக்கு முதல் வாரத்தில் வேண்டியது லேசான இலைவழி ஊட்டம், தழை, மணி, சாம்பல் சத்து சமமாகக் கலந்த 19:19:19 உரம் லிட்டருக்கு 5 கிராம் போதும்.

கல்மழையைத் தடுக்க வழி உண்டா என்று கேட்டார்கள். இமாசலத்தில் ஆப்பிள் தோட்டங்களுக்கு மேல் வலை விரிக்கிறார்கள், அது வேலை செய்கிறது. முப்பது அடி மாமரத்துக்கு வலை கட்டுவது கட்டுப்படியாகாது. வானத்தை நோக்கி வெடிக்கும் கல்மழைப் பீரங்கி பற்றி யூடியூபில் பார்த்துவிட்டு ஒரு இளைஞர் கேட்டார். அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று உலக வானிலை அமைப்பே சொல்லிவிட்டது. காற்றுக்கு மட்டும் வழி இருக்கிறது. மேற்கு வரப்பில் சவுக்கோ அகத்தியோ நெருக்கி வைத்தால், அதன் உயரத்தைப் போல் 10 மடங்கு தூரத்துக்காவது காற்றின் வேகம் குறையும். சுவர் மாதிரி அடைக்கக் கூடாது, பாதிக் காற்று ஊடுருவ வேண்டும். முழுக்க அடைத்தால் காற்று மேலே ஏறிக் குதித்துச் சுழலும்.

காகிதத்தில்

கணக்கெடுக்க வந்த ஊழியர் நல்லவர்தான். ஆனால் மூன்று வயலையும் சேர்த்து 'காற்று, மழையால் சேதம்' என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டார். வீட்டுக்காரர்கள் தமிழில் சொன்னதை அவர் தெலுங்கில் சுருக்கியதில் கல் காணாமல் போய்விட்டது. பேத்தி போனை நீட்டி, காசுக்குப் பக்கத்தில் கல் இருக்கும் படத்தைக் காட்டிய பிறகுதான் தனியாக எழுதினார்.

இது ஏன் முக்கியம் என்றால், அரசாங்கத்தின் கண்ணில் கல்லும் காற்றும் ஒன்றல்ல. மத்திய அரசின் பேரிடர் நிவாரணப் பட்டியலில் ஆலங்கட்டி மழை பெயர் சொல்லி இருக்கிறது. புயலும் இருக்கிறது. கோடை இடிமழையோடு வரும் சூறைக்காற்று அந்தப் பட்டியலில் இல்லை. மாநிலம் விரும்பினால் தன் பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரை உள்ளூர்ப் பேரிடர்களுக்குச் செலவிடலாம். அந்த வழியில்தான் காற்றுச் சேதம் உள்ளே வர முடியும்.

காப்பீட்டிலும் அதே கோடு. 2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், தனி வயலைப் பார்த்து இழப்பீடு தரும் உள்ளூர்ச் சேதங்களாகச் சொல்லப்பட்டவை ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் சூழ்தல், மேகவெடிப்பு, மின்னலால் வரும் தீ. நிற்கும் பயிரைச் சாய்த்த காற்று இதில் இல்லை. வானிலை அடிப்படையிலான காப்பீட்டில் காற்றின் வேகத்துக்கு இடமுண்டு, ஆனால் அங்கே சாட்சி சொல்வது வானிலை நிலையத்தின் கருவி, உங்கள் வாழை இல்லை. நிலையம் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், இப்படிக் குறுகிய பட்டையாக வரும் காற்று அதன் பக்கமே போயிருக்காது. பயிர் அந்தப் பருவத்தில் அந்த மாவட்டத்துக்கு அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், பிரீமியமும் கட்டியிருக்க வேண்டும். சேதம் நடந்து 72 மணி நேரத்துக்குள் தகவலும் கொடுத்தாக வேண்டும், திட்டத்தின் ஆப்பிலோ, வங்கியிலோ, 14447 என்ற எண்ணிலோ.

நிவாரணத் தொகையைப் பற்றி யாருக்கும் பெரிய கனவு வேண்டாம். 2022 முதல் 2026 வரைக்கான மத்திய விதிப்படி, 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமிருந்தால் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய், அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைதான். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் தக்காளிக்கு ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு, மாவுக்கு ஒன்பதாயிரம் சொச்சம். பாத்தி மேல் விரிக்கும் மல்ச்சிங் ஷீட், சொட்டுநீர், கம்பு, கம்பி எல்லாம் சேர்த்து ஒரு ஏக்கர் தக்காளிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் இறங்கிவிடுகிறது.

அந்த 33 சதவீதம்தான் மாவுக்கு முட்டுக்கட்டை. மழைக்கு மூன்றாம் நாள் எண்ணினால் உதிர்ந்த காய் மட்டும்தான் கணக்கில் வரும், அது மூன்றில் ஒரு பங்கைத் தொடாது. சிவப்பு நூல் காய்களையும் சேர்த்தால் தொடும். ஆனால் அவை அன்று பச்சையாக, முழுசாக, மரத்தில் தொங்குகின்றன. இங்கே நூல் கட்டிய மரங்களைத் தேதியோடு படமெடுத்து, பத்தாம் நாள் இன்னொரு மனுவாகக் கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டார்கள். ஆந்திரத்தில் பயிர் முதலிலேயே இ-கிராப் என்ற அரசின் இணையவழிப் பயிர்ப் பதிவில் இருந்தால்தான் இந்த மனுவெல்லாம் நகரும். மா இருந்தது, தக்காளி இருந்தது, வாழையைப் பதிய விட்டுவிட்டார்கள்.

குத்தகைக்காரர் கணக்கு

பூவிலேயே தோப்பைப் பேசி, முன்பணம் கொடுத்து, மருந்தும் காவலும் தன் செலவில் பார்ப்பவர் குத்தகைக்காரர். நஷ்டம் அவருடையது. நிவாரணம் வந்தால் போவதோ நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர் கணக்குக்கு. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்பவருக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆந்திரத்தில் சாகுபடியாளர் உரிமை அட்டை உண்டு, 11 மாதத்துக்குச் செல்லும். மரத்துக் காயை மட்டும் வாங்கியவர் அதில் வர மாட்டார், அதிலும் பக்கத்து மாநிலத்துக்காரர்.

வைகாசிக் கடைசியில் நிலத்துக்காரர் குத்தகையின் இரண்டாம் தவணையைக் கேட்டபோது பேச்சு முட்டியது. திண்ணையில் நடந்த பேச்சில் எனக்கு நினைவிருக்கும் பகுதி இது.

"மரத்துல காய் தொங்குதே தம்பி, அப்புறம் என்ன நஷ்டம்?" என்றார் பெரியவர்.

"தொங்குறதெல்லாம் காசாகுமாண்ணா? பேக்டரியில பழுக்கப்போட்டா பாதி கறுக்குது. வண்டிய திருப்பி அனுப்புறான்."

"காத்துக்கு விழுந்தது உங்க பாடுன்னுதானே பேசுனோம்?"

"காத்துக்குத்தான் பேசுனோம். கல்லுக்குப் பேசலையே."

குத்தகைக்காரர் சொன்னது சரி. குத்தகைப் பேச்சில் காற்றுக்கு உதிர்வது எப்போதும் குத்தகைக்காரர் பொறுப்பு, அது எதிர்பார்த்த நஷ்டம், விலையிலேயே கழித்துத்தான் பேசுவார்கள். கல்லைப் பற்றி யாரும் பேசிவைப்பதில்லை. மாம்பழக்கூழ் ஆலைகள் தோல் தழும்பைப் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள், அழுகலைத்தான் பார்ப்பார்கள். தோலழகு பார்த்து வாங்கும் மண்டியிலோ தழும்பு விழுந்தாலே விலை இறங்கும். இரண்டு பக்கமும் அடி. முதல் ரகமாகப் போக வேண்டிய காய் இரண்டாம் ரகமாகி, இரண்டாம் ரகமாகப் போக வேண்டியது குழிக்குப் போனது.

கடைசியில் ஊரில் இரண்டு பெரிய மனிதர்களை வைத்துப் பேசி, இரண்டாம் தவணையில் மூன்றில் ஒரு பங்கைத் தள்ளினார்கள். நிவாரணம் வந்தால் ஆளுக்குப் பாதி என்றும் முடிவாயிற்று. நிலத்துக்காரருக்குத் தன் பங்கு வருமானத்தில் விழுந்த ஓட்டைதான், தக்காளி, வாழை இரண்டிலும் சேர்த்து இழந்ததை விடப் பெரிது.

அடுத்த ஆண்டு குத்தகைக்கு அவரே வந்தார். இந்தத் தடவை முத்திரைத்தாளில் தனியாக ஒரு வரி சேர்ந்தது: கல்மழை விழுந்தால் பத்தாம் நாள் இரு தரப்பும் சேர்ந்து ஐந்து மரங்களில் தோல் உடைந்த காயை எண்ணி, அந்த விகிதத்தில் பாதியைத் தவணையில் கழிப்பது. காற்றுக்கு உதிர்வது முன்பு போலவே குத்தகைக்காரர் பாடு. பெரியவர் வாழையை இ-கிராப்பில் பதிந்துவிட்டார். தக்காளிக்கு மூலை முட்டுக்கால் இன்னும் போடவில்லை, கம்பு விலை ஏறிவிட்டது என்கிறார்.